602 கோடி கோடி கோடி: வானத்து நீலத்துக்குக் கணக்குக் கேட்ட திருவானைக்காவல் ராமன்!

ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி புக்கைத் திறந்தா, முதல் பாடத்துலேயே வழிமறிச்சு நிக்கிற வார்த்தை மோல். புத்தூர் நாலு ரோட்டுப் பக்கம் சாயங்காலம் ட்யூஷன் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற பசங்ககிட்ட மோல்னா என்னன்னு கேட்டுப் பாருங்க. 12 கிராம் கார்பன், 22.4 லிட்டர் வாயு, 6.022 இன்ட்டு 10 பவர் 23-ன்னு மூணு நம்பரையும் மூச்சு விடாம ஒப்பிச்சுடுவாங்க. சரி, அப்போ மோல்ங்கிறது எடையா, கொள்ளளவா, எண்ணிக்கையான்னு அடுத்த கேள்வி போட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. அவங்க தப்பு இல்லை. அந்த நம்பர் எங்கிருந்து வந்ததுன்னு யாரும் கதையாச் சொல்றதில்லை.

கதையில ஒரு பெரிய பங்கு நம்ம ஊர்க்காரருக்கு இருக்கு. புத்தூர்ல பஸ் பிடிச்சு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாறி, காவிரிப் பாலத்தைத் தாண்டினா மாம்பழச் சாலை. அதையும் தாண்டினா திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்கள்ல நீருக்கான தலம். 1888 நவம்பர் 7-ம் தேதி அந்த ஊர்லதான் சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தார். ஆமா, நம்ம சர் சி.வி.ராமன். நோபல் பரிசு வாங்கினவர்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா, அவரை அந்தப் பரிசு வரைக்கும் கூட்டிட்டுப் போன பாதையில இந்த மோல் நம்பர் உட்கார்ந்திருக்குங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது.

முதல்ல, மோல்னா என்ன?

வெத்தலையை நாம ஒண்ணு ஒண்ணா வாங்குறதில்லை, கவுளிக் கணக்குல வாங்குறோம். வாழைப்பழம் டஜன் கணக்கு. கவுளி, டஜன் ரெண்டுமே எண்ணிக்கைக்கு வெச்ச பேர். மோலும் அப்படித்தான். ஒரு டஜன்னா 12. ஒரு மோல்னா 6.02214076 இன்ட்டு 10 பவர் 23. அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா இன்னும் அழகா வரும். அது கிட்டத்தட்ட 602 கோடி கோடி கோடி. விநாடிக்கு ஒரு கோடின்னு எண்ணினாலும் முடிக்க 190 கோடி வருஷம் ஆகும்.

ஏன் இவ்வளவு பெரிய நம்பர்? மூலக்கூறு அவ்வளவு குட்டி. 18 கிராம் தண்ணி எடுத்துக்கோங்க. ஒரு டேபிள் ஸ்பூனைவிடக் கொஞ்சம் கூட. அதுல ஒரு மோல் தண்ணி மூலக்கூறு இருக்கு. அதே எண்ணிக்கையில தண்ணிச் சொட்டு வேணும்னா? ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டுன்னு வெச்சுக்கிட்டா, முழுசா நிரம்பின மேட்டூர் அணையை ஒரு கோடி தடவைக்கு மேல காலி பண்ணணும்!

அப்போ 12 கிராம், 18 கிராம் எல்லாம்? இரும்புக் கடையில ஆணியை யாரும் எண்ணிக் கொடுக்கிறதில்லை, எடை போட்டுத்தான் கொடுப்பாங்க. ஒரு ஆணி என்ன எடைன்னு தெரிஞ்சா, மொத்த எடையிலேர்ந்து எண்ணிக்கையைக் கண்டுபிடிச்சுடலாம். சின்ன ஆணி ஆயிரமும் பெரிய ஆணி ஆயிரமும் எண்ணிக்கையில ஒண்ணு, எடையில வேற. அதே மாதிரிதான் ஒரு மோல் தண்ணி 18 கிராம், ஒரு மோல் தங்கம் 197 கிராம். ஒரு பவுன் சுத்தத் தங்கம் 8 கிராம்னா, அதுல ஒரு மோல்ல நூத்துல நாலு பங்கு அணுக்கள் இருக்கு. எடை பொருளுக்குப் பொருள் மாறும், எண்ணிக்கை மாறாது.

இதுல ஒரு சிக்கல். ஆணியைக் கையில எடுத்து எடை போடலாம். மூலக்கூறை? யாரும் கண்ணால பார்த்ததே இல்லையே! அப்போ இந்த 602 கோடி கோடி கோடியை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ராமன் காலேஜ்ல படிச்ச காலத்துல இது பரீட்சைக் கேள்வி இல்லை. பெரிய பெரிய விஞ்ஞானிகளே அடிச்சுக்கிட்ட சண்டை.

பதினோரு வயசுல மெட்ரிக்குலேஷன்

ராமனின் அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். அம்மா பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகள்ல ராமன் ரெண்டாவது. அவருக்கு நாலு வயசு இருக்கும்போதே அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துல கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போயிடுச்சு. வீடு நிறைய புத்தகம், அப்பாவின் வயலின், இதுதான் ராமனின் சின்ன வயசு.

பதினோரு வயசுல மெட்ரிக்குலேஷன் முடித்தார். 1903-ல சென்னை பிரசிடென்சி கல்லூரியில சேர்ந்தார். அடுத்த வருஷமே பி.ஏ-ல முதலிடம், தங்கப் பதக்கம். 1906-ல ஒளி பற்றிய அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன்ல ஒரு முக்கியமான அறிவியல் இதழ்ல வந்தது. அப்போ வயசு 18.

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம்தான். ஆனா, ராமனைப் பரிசோதிச்ச டாக்டர் இந்த உடம்பு அந்த ஊர்க் குளிரைத் தாங்காதுன்னு சொல்லிட்டார். இந்தியாவுல அறிவியல் படிச்சவருக்கு வேலை? அதுவும் பெருசா இல்லை. அதனால நிதித்துறைக்கான அரசுத் தேர்வை எழுதினார். 1907-ல எம்.ஏ முடித்தார், லோகசுந்தரியைத் திருமணம் செய்துகொண்டார், அதே வருஷம் கல்கத்தாவுல உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகப் பதவி ஏற்றார். பத்தொன்பது வயசு கூட முழுசா ஆகலை.

ராத்திரி நேர விஞ்ஞானி

கைநிறைய சம்பளம், அரசு மரியாதை. இன்னைக்கும் எத்தனையோ வீட்டுல இதுதானே கனவு? ராமனுக்கு அது போதலை. கல்கத்தாவுல பௌபஜார் தெரு வழியாப் போறப்போ, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்னு ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தார். மகேந்திரலால் சர்க்கார்னு ஒரு டாக்டர் 1876-ல ஆரம்பிச்ச இடம். ராமன் போனப்போ லேப் கிட்டத்தட்ட சும்மா கிடந்தது.

அன்னையிலேர்ந்து ஆபீஸுக்கு முன்னாடி லேப், ஆபீஸுக்குப் பின்னாடி லேப். நடுவுல ரங்கூன், நாக்பூர்னு மாற்றல் வந்தாலும் ஆராய்ச்சியை விடலை. வீணை, தம்புரா, மிருதங்கம்னு நம்ம வாத்தியங்களோட ஒலியைத்தான் அப்போ நிறைய ஆராய்ந்தார். மிருதங்கத்துல நடுவுல பூசுற கருஞ்சாந்துதான் அதுக்குச் சுருதி சுத்தமான நாதத்தைக் கொடுக்குதுன்னு அறிவியல் முறையில விளக்கினவர் அவர்.

1917-ல அந்தப் பெரிய திருப்பம். கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த அசுதோஷ் முகர்ஜி பேராசிரியர் பதவிக்குக் கூப்பிட்டார். சம்பளம் அரசு வேலையைவிடக் குறைவு. அந்தப் பதவிக்கு வரணும்னா வெளிநாட்டுல பயிற்சி எடுத்திருக்கணும்னும் ஒரு நிபந்தனை. போக மாட்டேன்னு ராமன் மறுத்தார். அவருக்காக அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. பத்து வருஷ அரசு வேலையை ராஜினாமா பண்ணிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் போனார்.

மூலக்கூறு நிஜமா, கற்பனையா?

இப்போ மோலுக்கு வருவோம். சம வெப்பம், சம அழுத்தத்துல சம கொள்ளளவுள்ள எல்லா வாயுவிலும் ஒரே எண்ணிக்கையில மூலக்கூறு இருக்கும்னு இத்தாலிக்காரர் அவகாட்ரோ 1811-ல சொன்னார். எத்தனைன்னு அவர் சொல்லலை. அவர் 1856-ல இறக்கும்வரை அந்த நம்பர் யாருக்கும் தெரியாது. 1865-ல ஆஸ்திரியாவின் லோஷ்மிட் போட்ட கணக்குதான் மூலக்கூறோட சைஸ் என்னன்னு முதல்ல ஒரு பிடி கொடுத்தது.

இதுல செம ட்விஸ்ட் என்னன்னா, மோல்ங்கிற பேரை 1890-கள்ல வெச்சவர் ஜெர்மன் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட். அந்த மனுஷனே அப்போ அணு இருக்குன்னு நம்பலை! கணக்குக்கு வசதியான கற்பனைன்னுதான் நினைச்சார். பிரான்ஸ்ல ஜான் பெரின், தண்ணியில மிதக்கிற நுண்துகள்களோட ஓயாத ஆட்டத்தை வெச்சு அந்த எண்ணைக் கணக்கிட்டார். வெவ்வேறு வழியில போனாலும் கிட்டத்தட்ட ஒரே விடை வந்துச்சு. 1909-ல அதுக்கு அவகாட்ரோ எண்ணுன்னு பேரும் வெச்சார். அதுக்கு அப்புறம்தான் ஆஸ்ட்வால்ட் உட்பட பலரும் இறங்கி வந்தாங்க.

அந்த வழிகள்ல ஒண்ணு, வானத்தோட நீலம்.

தகரக் கொட்டகை மழையும் நீல வானமும்

மொட்டைமாடித் தகரக் கொட்டகையில மழை பெய்யுறதை நினைச்சுப் பாருங்க. பத்து நிமிஷத்துல ஒரு குடம் தண்ணி விழுதுன்னு வெச்சுப்போம். அது பொடிச் சாரலா விழுந்தா மெல்லிசா ஒரே சீரான சத்தம்தான். அதே ஒரு குடம் தண்ணி கனத்த துளியா விழுந்தா படபடன்னு அடிக்கும். தண்ணி அளவு ஒண்ணுதான், துளியோட எண்ணிக்கைதான் வேற. அப்போ சத்தத்தை வெச்சே துளி எத்தனைன்னு ஊகிக்கலாம், இல்லையா?

வெளிச்சத்துக்குக் காற்று கிட்டத்தட்ட அப்படித்தான். காற்று மூலக்கூறுகளா இல்லாம, இடைவெளியே இல்லாத ஒரே வழவழப்பான பொருளா இருந்திருந்தா, வெளிச்சம் சிதறாம நேராப் போயிருக்கும். பகல்லயே வானம் கறுப்பாத்தான் இருந்திருக்கும். மூலக்கூறு இருக்கிறதாலதான் ஒளி சிதறுது. அலைநீளம் குறைவான நீலம், சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாச் சிதறுது. அதனால வானம் நீலம்.

இங்கிலாந்தின் ராலே பிரபு 1899-ல இதைச் சமன்பாடாவே எழுதிட்டார். காற்று ஒளியை எவ்வளவு வளைக்குதுன்னு லேப்ல அளக்கலாம். ஒளி காற்றுல எவ்வளவு தூரம் போய் மங்குதுன்னு வெளியில அளக்கலாம். இந்த ரெண்டும் கிடைச்சா, ஒரு கன சென்டிமீட்டர் காற்றுல எத்தனை மூலக்கூறுன்னு வந்துடும். அதை 22,400 கன சென்டிமீட்டரால, அதாவது 22.4 லிட்டரால பெருக்கினா மோல் நம்பர் ரெடி!

அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட ஆதாரங்கள்ல ஒண்ணு நம்ம நாட்டுது. டார்ஜிலிங் பக்கத்துல இருந்து பார்த்தா சுமார் 100 மைல் தள்ளி இருக்கிற எவரெஸ்ட் ஓரளவு வெளிச்சமாவே தெரியுதுங்கிற தகவல். மூலக்கூறு எண்ணிக்கை குறைவா, ஒவ்வொண்ணும் பெருசா இருந்திருந்தா, அவ்வளவு தூரத்துக்குள்ள ஒளி நிறைய சிதறி எவரெஸ்ட்டே மங்கிப் போயிருக்கும்.

கப்பல்ல ஒரு கேள்வி

1921-ல ராமன் முதல்முறையா வெளிநாடு போனார். ஆக்ஸ்போர்டுல நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாடு. போற வழியில மத்தியதரைக் கடலோட ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தி வெச்சிடுச்சு. கடல் ஏன் நீலம்? வானத்தோட நீலம் தண்ணியில பிரதிபலிக்குதுன்னு ராலே சொல்லிட்டுப் போயிருந்தார். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

திரும்பி வர்றப்போ நர்குண்டாங்கிற கப்பல். ராமன்கிட்ட ஒரு சின்ன நிக்கல் பட்டகம் இருந்தது. இப்போ போலராய்டு கூலிங் கிளாஸ் செய்யுற வேலையை அது செய்யும். தண்ணி மேல பட்டு எதிரொளிக்கிற ஒளியைக் குறிப்பிட்ட கோணத்துல வடிகட்டிடும். கடலை அது வழியாப் பார்த்தார். வானத்தோட பிரதிபலிப்பை வெட்டின பிறகும் நீலம் போகலை, இன்னும் ஆழமாத்தான் தெரிஞ்சுது. அப்போ நீலம் தண்ணிக்குள்ளேர்ந்தே வருது. கப்பல்லேயே கட்டுரை எழுதி, பம்பாய் வந்ததும் நேச்சர் இதழுக்கு அனுப்பிட்டார்.

கல்கத்தா வந்ததும் கணக்கு. வாயுல மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி இருக்கும். தண்ணியில நெருக்கி அடிச்சுக்கிட்டு இருக்கும். ராலே சமன்பாடு அங்கே நேரடியா வேலை செய்யாது. ஸ்மோலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் 1908, 1910 வாக்குல திரவங்களுக்கு வேற வழி காட்டியிருந்தாங்க. வெப்பத்தால மூலக்கூறுகள் ஓயாம ஆடுறதுல, ஒரு நொடி இங்கே கொஞ்சம் அடர்த்தி, மறு நொடி அங்கே கொஞ்சம் அடர்த்தின்னு ஏற்ற இறக்கம் இருக்கும். ஒளியைச் சிதறடிக்கிறது அந்த ஏற்ற இறக்கம்தான். அந்தச் சமன்பாட்டுக்குள்ளேயும் அதே அவகாட்ரோ எண் இருக்கு.

மத்தவங்க சிதறலை அளந்து எண்ணைத் தேடினாங்க. ராமன் எண்ணை எடுத்துக்கிட்டு, தண்ணி எவ்வளவு சிதறடிக்கணும்னு கணக்குப் போட்டார். தூசி இல்லாத காற்றைவிட நூறு மடங்குக்கும் மேலன்னு விடை வந்துச்சு. லேப்ல சுத்தமான தண்ணியில பார்த்த வெளிச்சமும் கணக்கோட ஒத்துப்போச்சு. கண்ணுக்குத் தெரியாத 602 கோடி கோடி கோடி, ஒரு பாட்டில் தண்ணிக்குள்ள தெரியுற மங்கலான வெளிச்சமா வந்து நின்னுது. 1922-ல ஒளியின் மூலக்கூறுச் சிதறல் பற்றி அவர் எழுதின நூலைக் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்டது.

தண்ணி சிவப்பைக் கொஞ்சம் உறிஞ்சிக்கிறதும் கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம்னு இன்னைக்கு நமக்குத் தெரியும். ஆனா, பிரதிபலிப்பு மட்டும்தான் காரணம்ங்கிற பழைய முடிவை உடைச்சது அந்தக் கப்பல் பயணம்தான்.

சிதறின ஒளியில ஒரு திருட்டு நிறம்

அதுக்கப்புறம் ராமனும் மாணவர்களும் திரவம் திரவமா எடுத்துச் சோதிச்சாங்க. 1923-ல கே.ஆர்.ராமநாதன், சிதறின ஒளியில உள்ளே அனுப்பாத நிறம் ஒண்ணு லேசாக் கலந்திருக்கிறதைக் கவனிச்சார். அழுக்கா இருக்குமோன்னு திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணினாங்க. போகலை. அஞ்சு வருஷம் கழிச்சு, விருதுநகர் பக்கம் வத்திராயிருப்புல பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் ராமனோட சேர்ந்து அதை விடாமத் துரத்தினார். 1928 பிப்ரவரி 28-ம் தேதி விடை தெளிவாச்சு. ஒளி மூலக்கூறு மேல மோதுறப்போ, ரொம்ப அபூர்வமா, கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துட்டோ வாங்கிட்டோ போகுது. அதனால நிறம் மாறுது. எவ்வளவு மாறுதுங்கிறது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேற. அதாவது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை!

எத்தனை மூலக்கூறுன்னு ஆரம்பிச்ச கதை, எந்த மூலக்கூறுங்கிற கேள்விக்குப் பதிலா மாறிடுச்சு. இன்னைக்கு மருந்துல கலப்படமா, ரத்தினம் அசலா போலியான்னு பார்க்கிறதுக்கு ராமன் நிறமாலைக் கருவிகள் பயன்படுது.

1930-ல நோபல் பரிசு. அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே ஸ்வீடன் போகக் கப்பல் டிக்கெட் எடுத்துட்டார்னு சொல்வாங்க. அறிவியலுக்கான நோபலை வாங்கின முதல் ஆசியர் அவர்தான்.

பளிங்கு இல்லை, மனுஷன்

ராமனைக் குறை இல்லாத சிலையாக்கிட வேண்டாம். 1933-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராப் போனார். அதே வருஷம் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிச்ச கமலா பாகவத்தை, பின்னாள்ல கமலா சோஹோனியை, பெண்ங்கிற காரணத்தாலேயே மறுத்தார். கமலா விடலை, போராடி உள்ளே வந்தார். அப்பவும் முதல் வருஷம் தகுதிகாண் காலம்னு நிபந்தனை. அவருடைய உழைப்பைப் பார்த்த பிறகுதான் ராமன் மனசு மாறினார். பின்னாள்ல வானிலை விஞ்ஞானியா புகழ் பெற்ற அன்னா மணி, ராமனின் ஆய்வகத்துல வேலை பார்த்தவர்தான்.

நிர்வாகத்தோட மோதல் முத்தி, 1937-ல இயக்குநர் பதவியை விட்டார். ஆனா, இயற்பியல் பேராசிரியரா 1948 வரை அங்கேயே இருந்தார். ஓய்வுக்குப் பிறகு சும்மா உட்காரலை. அதே பெங்களூருல தன் பேர்ல ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1954-ல பாரத ரத்னா. வைரம், பட்டாம்பூச்சி, பூவோட நிறம்னு கடைசிவரை ஒளியையும் நிறத்தையும் விடவே இல்லை.

1970 நவம்பர் 21-ம் தேதி காலமானார். அவர் விருப்பப்படி மதச் சடங்கு எதுவும் இல்லாம, அவர் வளர்த்த அந்த ஆய்வு நிலையத் தோட்டத்துலேயே தகனம் நடந்தது. அந்த இடத்துல இன்னைக்கு ஒரு மரம் நிக்குது.

அடுத்த வருஷம், 1971-ல, மீட்டர், கிலோகிராம், விநாடி வரிசையில மோலும் சர்வதேச அடிப்படை அலகா சேர்ந்தது. அப்போ அதுக்கு வரையறை, 12 கிராம் கார்பன்-12-ல எத்தனை அணுவோ அத்தனை. 2019 மே 20-லிருந்து அதுவும் மாறிடுச்சு. இப்போ கிராமை வெச்சு மோலைச் சொல்றதில்லை. 6.02214076 இன்ட்டு 10 பவர் 23, அவ்வளவுதான் மோல். அதனால அடுத்த தடவை மோல்ங்கிறது எடையா, எண்ணிக்கையான்னு யாராவது கேட்டா, தயங்காம எண்ணிக்கைன்னு சொல்லுங்க. நம்பலைன்னா, காவிரிப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போய் வானத்தைக் காட்டுங்க. அந்த எண்ணுக்கு முடிவே இல்லாம இருந்திருந்தா, மேலே நீலமே இருந்திருக்காது.